ஊசியில் குறையில்லை, பதில்தான் வருவதில்லை

அரசு கால்நடை மருத்துவர் எப்படி என்று மாடு வைத்திருக்கிற யாரிடம் கேட்டாலும் இரண்டில் ஒரு பதில்தான் வரும். ஒன்று, "கன்று குறுக்கே கிடந்ததுங்க, வந்து எடுத்துக் கொடுத்தார், தங்கமான டாக்டர்." இன்னொன்று, "கூப்பிட்டால் வரமாட்டார்." இரண்டுமே வைத்தியத்தைப் பற்றிய பேச்சு. அதே ஆள் செய்கிற வேறொரு வேலை இருக்கிறது. தடுப்பூசி முகாம் போடுவது, நோய் கிளம்பிய இடத்துக்கு வந்து வாயையும் குளம்பையும் பார்ப்பது, மாதிரி எடுத்து அனுப்புவது, சந்தையை நிறுத்தச் சொல்வது, செத்த மாட்டைப் புதைக்கும்போது கூடவே நிற்பது. செல்போனுக்கும் ஓட்டலுக்கும் பக்கம் பக்கமாக மதிப்புரை எழுதுகிற நாம் இதற்கு எழுதுவதில்லை. கறவை மாடுகளும் கொஞ்சம் ஆடுகளும் வைத்துக்கொண்டு பல வருடமாக இந்தச் சேவையை வாங்கிக்கொண்டிருக்கிறவன் என்ற முறையில் எழுதிவிடலாம் என்று தோன்றியது. எந்த ஆபீஸ், எந்த டாக்டர் என்று கேட்காதீர்கள், சொல்லப்போவதில்லை.

முதலில் எதிர்பார்ப்பைச் சரிசெய்துகொள்ள வேண்டும், இல்லாவிட்டால் கோபம்தான் மிஞ்சும். நோய்த் தடுப்புக்கு வருகிற டாக்டருக்கு உங்கள் மாடு தனியாகப் பெரிதில்லை, அந்த வட்டாரத்து மாடுகள் மொத்தமும் சேர்ந்துதான் அவருக்கு ஒரு நோயாளி. உங்கள் கொட்டகையில் ஒன்று எச்சில் ஒழுக நின்றுகொண்டிருக்கும், அவர் அதை எட்டிக்கூடப் பார்க்காமல் தொலைவில் நன்றாக அசைபோட்டுக்கொண்டிருக்கும் மாடுகளுக்கு ஊசி போட்டுக்கொண்டு வருவார், உங்கள் வாசலுக்கு வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். என்ன மனுஷன் இவர் என்று தோன்றும். ஆனால் அதுதான் சரியான முறை. நோய் வந்த இடத்தைச் சுற்றி வளையமாகப் போடுகிற ஊசியை வெளி ஓரத்திலிருந்து தொடங்கி உள்ளே வர வேண்டும், நோய் பிடித்த மாட்டைத் தொட்டுவிட்டு நல்ல மாட்டிடம் போனால் அவருடைய கையும் செருப்பும் வண்டிச் சக்கரமுமே நோயைக் கொண்டுபோய் இறக்கிவிடும். இந்த ஒரு விஷயத்தை யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் எத்தனையோ சண்டை மிச்சமாகியிருக்கும். சொல்லமாட்டார்கள். அதைப் பற்றித்தான் மீதி எழுதப்போகிறேன் என்றுகூடச் சொல்லலாம்.

சரி, நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். தடுப்பூசிதான் இந்தச் சேவையின் உருப்படியான பகுதி, அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. வாயிலும் காலிலும் கொப்புளம் வருகிற கோமாரிக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை, கன்றாக இருந்தால் முதல் ஊசிக்கு ஒரு மாதம் கழித்து இன்னொன்று. தொண்டை அடைப்பானுக்கும் சப்பை நோய்க்கும் மழைக்காலம் பிறக்கும் முன்னால். ஆட்டுக்கொல்லி நோய்க்கு ஒரு ஊசி போட்டால் மூன்று வருடம் தாங்கும். சினை கலைய வைக்கிற கன்று வீச்சு நோய்க்கான ஊசியைக் கிடேரிக் கன்றுகளுக்கு மட்டும், நான்கு மாதத்திலிருந்து எட்டு மாதத்துக்குள் ஒரே ஒரு தடவை போடுவார்கள், காளைக் கன்றுக்கோ சினை மாட்டுக்கோ போடக் கூடாது. இத்தனைக்கும் இத்தனை தனித்தனிக் கணக்கை ஒரு ஆள் மனதில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போவது சாதாரண வேலை இல்லை. தொண்டை அடைப்பான் வந்தால் காலையில் கழுத்து வீங்கிய மாடு மறுநாள் இருக்காது, டாக்டரைக் கூப்பிடவே நேரம் இருக்காது. அங்கே வைத்தியத்தை நம்பி உட்கார முடியாது, முன்னாலேயே போட்ட ஊசிதான் காப்பாற்றும்.

முகாமுக்கு வரும்போது குப்பியை வைத்திருக்கும் பெட்டியைக் கவனியுங்கள், அந்தக் குழுவின் தரம் அதிலேயே தெரிந்துவிடும். கோமாரித் தடுப்பு மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். சூடானாலும் வீரியம் போய்விடும், உறைந்தாலும் கெட்டுவிடும். விஷயம் தெரிந்த உதவியாளர் குப்பியை ஐஸ் கட்டியோடு ஒட்டி வைக்கமாட்டார், நடுவில் துணியோ அட்டையோ கொடுத்திருப்பார், எடுத்தவுடன் கடகடவென்று குலுக்காமல் மெதுவாக இரண்டு தரம் கவிழ்த்துத் திருப்புவார், ஊசி ஏற்றிய கையோடு பெட்டியை மூடுவார். ஆட்டுக்கொல்லி மருந்து மாதிரிப் பொடியாக வருகிறவற்றைக் கரைத்த பிறகு ஓரிரு மணி நேரத்துக்குள் போட்டு முடித்துவிட வேண்டும், மிச்சத்தை நாளைக்கு என்று எடுத்துவைக்கக் கூடாது. எங்களுக்கு வருகிற குழு இதில் எல்லாம் சுத்தமாக இருக்கிறது. அதிலேயே ஒரு இளைஞர் இருக்கிறார், மாட்டின் திமிலுக்கு முன்னால் கையை வைத்துத் தடவிக்கொண்டே பேச்சுக் கொடுப்பார், அது தலையைத் திருப்புவதற்குள் ஊசி ஏறி இறங்கியிருக்கும். அவர் வேலையைப் பார்ப்பதற்காகவே முகாமுக்குப் போகலாம்.

ஆனால் ஊசிமுனை விஷயத்தில் எனக்குப் பெரிய மனத்தாங்கல் உண்டு. ஒரு மாட்டுக்கு ஒரு முனை என்பதுதான் முறை. வரிசை நீளமாக இருந்தால் அதே முனையோடு அடுத்த கொட்டகை வரைக்கும் போய்விடுகிறார்கள். ரத்தத்தில் ஒட்டுண்ணி இருக்கிற மாடு வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாமல் நிற்கும், அதற்குப் போட்ட முனை பக்கத்து மாட்டுக்கும் போனால் நோயைத் தடுக்க வந்த ஊசியே வேறொரு நோயை ஏற்றிவிடும். கேட்டால் "முனை அவ்வளவு வருவதில்லைங்க" என்கிறார்கள். இருக்கலாம். நான் இப்போது மருந்துக் கடையில் முனை வாங்கி வைத்துக்கொண்டு முகாமன்று கையில் கொடுத்துவிடுகிறேன், யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

அடுத்த குறை நேரம். மழைக்கு முன்னால் போட வேண்டியது மழை பிடித்த பிறகு வருவது எனக்குத் தெரிந்து பல தடவை நடந்திருக்கிறது. ஊசி போட்ட அன்றே பாதுகாப்பு வந்துவிடாது, உடம்பு தயாராக இரண்டு மூன்று வாரம் எடுக்கும். நோய் நடமாடத் தொடங்கிய பிறகு போட்டால் சில மாடுகளுக்கு அது ஏற்கெனவே உள்ளே புகுந்திருக்கும். கோமாரி புகுந்து வெளியே தெரிய 2 முதல் 14 நாள் வரை ஆகலாம், அந்த இடைவெளியில் ஊசி போட்டால் நான்காம் நாள் வாயில் கொப்புளம் வரும், "ஊசி போட்டதால்தான் வந்தது" என்று பேச்சுக் கிளம்பும், அடுத்த முகாமுக்குப் பாதிப் பேர் மாட்டை மேய்ச்சலுக்கு ஓட்டிவிடுவார்கள். நூறு மாட்டில் எண்பதுக்காவது ஊசி ஏறியிருந்தால்தான் நோய் பரவ வழியில்லாமல் திணறும் என்பது பொதுவான கணக்கு. பாதிப் பேர் மறைத்துவிட்டால் போட்ட பாதிக்கும் முழுப் பலன் இல்லை.

"ஊசி போட்டும் வந்துவிட்டதே" என்ற புகாருக்கு இன்னொரு காரணமும் உண்டு. கோமாரி என்று நாம் ஒரே பெயரில் சொன்னாலும் அந்த வைரஸில் ஏழு வகை இருக்கிறது: ஓ, ஏ, சி, ஆசியா 1, அப்புறம் சாட் 1, 2, 3. ஒன்றுக்குப் போட்ட ஊசி இன்னொன்றைத் தடுக்காது. இதில் சி வகை 2004க்குப் பிறகு உலகில் எங்கும் தென்படவில்லை, மற்றவை அங்கங்கே சுற்றிக்கொண்டிருக்கின்றன, ஒரே வகைக்குள்ளேயே காலப்போக்கில் மாற்றமும் வரும். ஆகவே எந்த இடத்தில் எது சுற்றுகிறது என்று மாதிரி எடுத்துப் பார்த்து அதற்கேற்ற மருந்தைப் போட வேண்டும். இதை ஒரு டாக்டர் எனக்கு விளக்கியது டீ குடிக்கிற நேரத்தில். முகாம் நடக்கும் இடத்தில் எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லியிருந்தால் அது பத்து துண்டறிக்கைக்குச் சமம்.

இப்போது இந்தச் சேவையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, நோய் விசாரணை. இதை நேரில் பார்த்தால்தான் இவர்கள் படித்த படிப்பு என்னவென்று புரியும். எங்கள் பக்கம் கோமாரி வந்தபோது ஒரு பெண் டாக்டர் வந்தார். வந்ததும் வண்டியை வெளியிலேயே நிறுத்திவிட்டு, ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு, சலவை சோடா கரைத்த தண்ணீரில் காலை நனைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். கோமாரி வைரஸுக்குப் புளிப்பும் ஆகாது, காரமும் ஆகாது, அதனால் சாதாரண சலவை சோடா கரைசலே அதைக் கொல்லப் போதும். நல்லபடியாக நின்றவற்றின் உடம்புச் சூட்டை முதலில் பார்த்தார். அப்புறம் நோய் வந்தவை. "அண்ணே, மூக்கணாங்கயிறை இப்படித் தூக்கிப் பிடிங்க" என்று சொல்லிவிட்டு, கையுறையோடு வாயின் ஓரமாகக் கையை விட்டு நாக்கைப் பிடித்து வெளியே இழுத்தார். மேல் தோல் வெந்த பால் ஏடு மாதிரிக் கழன்று அவர் கையிலேயே வந்தது. அதையே ஒரு சின்னக் குப்பித் திரவத்தில் போட்டு மூடினார், மாதிரி அதுதான்.

அதற்கப்புறம் செய்ததுதான் விசேஷம். ஒவ்வொரு மாட்டின் புண்ணுக்கும் வயது சொன்னார். கொப்புளம் உடையாமலோ இப்போதுதான் உடைந்து தோல் தொங்கிக்கொண்டோ இருந்தால் ஓரிரு நாள். ஓரம் கூர்மையாக, ரத்தச் சிவப்பாகப் பச்சைப் புண் தெரிந்தால் மூன்று நாள் வாக்கில். ஓரம் மழுங்கி மஞ்சளாக ஏடு படிந்திருந்தால் நான்கிலிருந்து ஆறு. ஒரு வாரம் தாண்டினால் புண் மூடி வடுவாகத் தொடங்கிவிடும். எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டு, நாங்கள் முதலில் நோய் வந்தது என்று நினைத்த கறவையை விட்டுவிட்டு, ஓரமாகக் கட்டியிருந்த வற்றல் மாட்டைக் காட்டி, "இதுக்குத்தான் முதல்ல வந்திருக்கு, இது எப்ப, எங்கிருந்து வந்தது?" என்று கேட்டார். அது சந்தையில் வாங்கி வந்தது. புண்ணின் வயதிலிருந்து நாளைப் பின்னோக்கி எண்ணினால் சந்தை நாள் அந்தக் கணக்குக்குள் சரியாக விழுந்தது. அதே சந்தையிலிருந்து வேறு யார் யார் மாடு ஓட்டி வந்தார்கள், பால் வண்டி எந்த வழியாகப் போகிறது, செயற்கைக் கருவூட்டலுக்கு வந்தவர் அடுத்து எங்கே போனார் என்று வரிசையாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். போலீஸ்காரர் விசாரித்திருந்தால்கூட இவ்வளவு பதமாகக் கேட்டிருக்கமாட்டார்.

போகும்போது கன்றுகளைத் தனியாகக் கட்டச் சொன்னார். கோமாரியில் பெரிய மாடு பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும், பால் போகும், குளம்பு போகும், அவ்வளவுதான். கன்றுக்கு நேராக இதயத்தைத் தாக்கும், வாயில் ஒரு புண்கூட இல்லாமல் நின்ற நிலையில் விழுந்து சாகும். இதை அவர் சொல்லாமல் போயிருந்தால் நாங்கள் கன்றை எப்போதும்போல ஊட்ட விட்டிருப்போம்.

இவ்வளவு நல்ல வேலைக்கு முழு மதிப்பெண் கொடுக்காமல் இருப்பதற்குக் காரணம் அதற்கப்புறம் நடப்பது. அதாவது நடக்காதது. மாதிரி போனது போனதுதான். எந்த வகை வைரஸ், போட்ட ஊசி அதற்குப் பொருந்துகிறதா, தடை எப்போது நீங்கும், ஒரு வார்த்தை திரும்பி வராது. இன்னொரு தடவை ஆடுகள் அடுத்தடுத்துக் குட்டி வீசியபோது ரத்தம் எடுத்துக்கொண்டு போனார்கள். கன்று வீச்சு நோயா என்று பார்க்கிற முதல் சோதனை மிக எளிது, ரத்தத்தின் தெளிநீரில் ஒரு சொட்டு, ரோஜா நிற மருந்தில் ஒரு சொட்டு, இரண்டையும் வெள்ளைத் தட்டில் கலந்து ஆட்டினால் நான்கே நிமிடத்தில் திரிகிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். நான்கு நிமிடச் சோதனையின் முடிவு வாரக்கணக்கில் வரவில்லை. போன் செய்தால் "மேலே அனுப்பியிருக்கோம்." அந்த நோய் மனிதருக்கும் வரும், காய்ச்சல் விட்டு விட்டு வந்து முதுகையும் மூட்டையும் முறிக்கும், பால் கறக்கிறவருக்கும் பிரசவம் பார்க்கிறவருக்கும்தான் முதல் ஆபத்து. வீட்டில் பால் காய்ச்சாமல் குடிக்கிற ஆள் இருந்தால் என்ன செய்வது என்று நாமே முடிவெடுத்துக்கொள்ள வேண்டியதுதான். காய்ச்சிக் குடியுங்கள், விழுந்த குட்டியையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் எடுக்காதீர்கள், நாய்க்குப் போடாமல் ஆழமாகப் புதையுங்கள், இதை எழுதுவதற்கு ஆய்வக முடிவு தேவையில்லை. ஆனால் ஆட்டை வைத்துக்கொள்வதா கழிப்பதா என்பதற்கு முடிவு தேவை.

இதில் வேடிக்கை என்னவென்றால், மேல்மட்டத்தில் தகவல் சொல்கிற ஏற்பாடு மிகக் கச்சிதமாக இருக்கிறது. 1920இல் தெற்காசியாவிலிருந்து பிரேசிலுக்குப் போன மாடுகள் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் இறங்கி நின்றபோது மாடுகளைக் கொல்லும் வெக்கை நோயைப் (ரிண்டர்பெஸ்ட்) பரப்பிவிட்டன. அந்த அதிர்ச்சியில்தான் 28 நாடுகள் கூடி 1924 ஜனவரியில் பாரிஸில் ஒரு அமைப்பைத் தொடங்கின, இன்றைக்கு உலக விலங்கு சுகாதார அமைப்பு என்று சொல்கிறோமே அதுதான். முக்கியமான நோய் புதிதாகத் தலைகாட்டினால் உறுப்பு நாடு 24 மணி நேரத்துக்குள் அந்த அமைப்புக்குச் சொல்லியாக வேண்டும். நாட்டிலிருந்து உலகத்துக்கு ஒரு நாளில் போகிற செய்தி, அதை முதலில் சொன்ன மாட்டுக்காரருக்கு மட்டும் திரும்ப வருவதில்லை.

இதை நான் சும்மா மரியாதைக்காகக் கேட்கவில்லை. மொத்தச் சேவையும் அந்த முதல் போன் அழைப்பில்தான் தொங்குகிறது. டாக்டருக்கு எவ்வளவு கெட்டிக்காரத்தனம் இருந்தாலும் யாரும் சொல்லாமல் அவர் வந்து நிற்க முடியாது. 2001இல் பிரிட்டனில் கோமாரி வந்தபோது நடந்ததைப் பாருங்கள். பிப்ரவரி 19 அன்று எசெக்ஸ் பகுதியில் ஒரு இறைச்சிக்கூடத்தில் பன்றிகளின் கொப்புளத்தை ஒரு கால்நடை மருத்துவர் கவனித்தார், நான்கு நாளில் நாடு முழுக்கக் கால்நடை நடமாட்டத்தை நிறுத்தினார்கள். ஆனால் அது அதற்கு முன்பே வடக்கே ஒரு பன்றிப் பண்ணையில் இருந்திருக்கிறது, சொல்லவில்லை. வேகவைக்காத எச்சில் உணவைப் பன்றிக்குப் போட்டதில் வந்திருக்கலாம் என்பது முடிவு. அங்கிருந்து பக்கத்து ஆடுகளுக்குப் போய், ஆடுகள் சந்தைக்குப் போய், தடை போட்ட நாளில் நோய் நாடு முழுக்க இறங்கியிருந்தது. 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகளைக் கொன்று முடித்தார்கள். பண்ணைக்காரர் மேல் நோயை மறைத்ததாக வழக்குப் போட்டுத் தண்டனையும் கொடுத்தார்கள். தண்டனை கொடுப்பது சுலபம். ஒரு மாட்டுக்காரர் ஏன் சொல்லமாட்டார் என்பதற்கு இந்தச் சேவை பதில் வைத்திருக்கிறதா என்பதுதான் எனக்குக் கேள்வி.

நான் சொல்கிறேன் ஏன் என்று. சொன்னவுடன் என்ன நடக்கும்? உங்கள் மாட்டை வெளியே விடக் கூடாது, பாலை யாரும் வாங்கமாட்டார்கள், சந்தை மூடினால் சுற்றுவட்டாரம் முழுக்க உங்களைத்தான் முறைக்கும். கோழியாகவோ பன்றியாகவோ இருந்தால் மொத்தத்தையும் அழித்துவிடுவார்கள், ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல், பறவைக் காய்ச்சல் இரண்டுக்கும் பெரும்பாலும் அதுதான் கதி. இழப்பீடு வரும், ஆனால் எப்போது வரும் என்று கேட்டால் கையை விரிப்பார்கள், குறைந்த பாலுக்கும் வியாபாரம் ஓடாத நாட்களுக்கும் பல இடங்களில் கணக்கே கிடையாது. சொல்லாமல் இருந்தவர் அந்த வாரமே சந்தையில் விற்றுவிட்டு நிம்மதியாக இருப்பார். நல்லபடியாகச் சொன்னவருக்கு நஷ்டம், மறைத்தவருக்கு லாபம் என்ற நிலைமையில் ஒரு சேவையை நடத்தினால் அது எத்தனை நாள் ஓடும்? இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. 1714இல் இங்கிலாந்தில் மாட்டு வெக்கை வந்தபோது அரசரின் அறுவை மருத்துவர் தாமஸ் பேட்ஸ் நோய் மாடுகளைக் கொன்று எரிக்கச் சொன்னதோடு மாட்டுக்காரர்களுக்குப் பணமும் கொடுக்கச் சொன்னார், அப்போதுதான் மறைக்கமாட்டார்கள் என்று. சில மாதங்களில் நோய் அடங்கியது. 300 வருடம் முன்னால் ஒருவருக்குத் தெரிந்தது இன்றைய கோப்புகளுக்குத் தெரியவில்லை.

வெக்கை நோய் என்றதும் இன்னொன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தச் சேவை சரியாக நடந்தால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அதுவே சாட்சி. மாட்டு மந்தைகளைக் கூட்டம் கூட்டமாகத் தின்ற நோய் அது, 1880களின் கடைசியில் ஆப்பிரிக்காவில் புகுந்து மாடுகளில் பெரும்பகுதியைக் கொன்று மனிதர்களையும் பட்டினியில் தள்ளியது. கடைசியாகத் தென்பட்டது 2001இல், கென்யாவில். 2011இல் உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவித்தார்கள். பெரியம்மைக்கு அடுத்தபடியாக மனிதர் ஒழித்த இரண்டாவது நோய் இது. ஆங்கிலேயக் கால்நடை விஞ்ஞானி வால்டர் ப்ளோரைட் செய்த தடுப்பு மருந்தும், அதை வெயில் தாங்கும்படி பின்னால் மாற்றியதும் இதற்குப் பெரிய காரணம். ஆனால் கடைசிக் கட்டத்தில் ஆபீஸ்கள் எட்டாத மேய்ச்சல் நிலங்களில் மேய்ப்பவர்களையே பயிற்சி கொடுத்து ஊசி போட வைத்தார்கள், உட்கார்ந்து அவர்களிடமே கேட்டார்கள், இந்த நோயை எப்போது கடைசியாகப் பார்த்தீர்கள், எந்த மந்தையில், எப்படி இருந்தது என்று. மாடு மேய்க்கிறவருக்குத் தெரிந்ததை மதித்துக் கேட்டதால் மிச்சமிருந்த இடமெல்லாம் வெளியே தெரிந்தது. அதே துறை, அதே படிப்பு. நம்மிடம் மட்டும் கேட்டுக்கொண்டு பதில் சொல்லாமல் போவது ஏன்?

அடைப்பான் நோயை, அதாவது ஆந்த்ராக்ஸைப் பற்றித் தனியாகச் சொல்லாமல் விட முடியாது, தொண்டை அடைப்பான் வேறு, இது வேறு. மாடோ ஆடோ திடீரென்று செத்து, வயிறு உப்பி, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கருத்த ரத்தம் வந்திருந்தால் யாரையும் அறுக்க விடாதீர்கள், தோலை உரிக்க விடாதீர்கள். அறுக்காமல் விட்டால் உள்ளே இருக்கும் கிருமி அழுகலில் சில நாளில் செத்துவிடும், அறுத்துக் காற்றுப் பட்டால்தான் அது வித்தாக மாறி மண்ணில் பல பத்தாண்டு உட்கார்ந்துகொள்ளும். டாக்டர் வந்து காது நரம்பிலிருந்து ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்துச் சாயம் போட்டுப் பார்ப்பார், நீலக் குச்சிகளைச் சுற்றி இளஞ்சிவப்பு உறை தெரிந்தால் அதுதான். இந்த ஒரு வேலைக்கு அவர்களுக்கு நான் ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன், ஞாயிற்றுக்கிழமைகூட வந்தார்கள், பயமில்லாமல் பக்கத்தில் நின்றார்கள், ஆழமாகக் குழி தோண்டும் வரைக்கும் நகரவில்லை.

இந்த நோய்க்கு வருடாவருடம் ஊசி போடும்போது "இங்கே வந்தே ரொம்ப நாளாச்சே, எதுக்கு?" என்று கேட்கிறவர்கள் சைபீரியாவின் யமால் பகுதியில் நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே 1941க்குப் பிறகு அடைப்பான் தென்படவில்லை என்று 2007இல் கலைமான்களுக்கு ஊசியை நிறுத்தினார்கள். 2016 கோடையில் வெயில் கடுமையாகி உறைநிலம் இளகியது, நோய் கிளம்பியது, இரண்டாயிரத்துக்கும் மேல் கலைமான்கள் செத்தன, 12 வயதுச் சிறுவன் ஒருவனும் இறந்தான். ஊசி போட்ட சமயத்தில் வேறு காய்ச்சலுக்காக மாட்டுக்கு ஆன்டிபயாடிக் போட்டுவிடாதீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். அடைப்பான் தடுப்பு மருந்தில் இருப்பது உயிருள்ள கிருமி, ஆன்டிபயாடிக் அதைக் கொன்று ஊசியை வீணாக்கிவிடும். இதையும் முகாமில் யாரும் சொல்வதில்லை!

ஆள் பற்றாக்குறை எல்லாருக்கும் தெரிந்ததுதான், அதைப் பற்றி நீட்டப்போவதில்லை. காலையில் ஆஸ்பத்திரி, மதியம் முகாம், நடுவில் கூட்டம், இரவில் கணினியில் மாட்டின் காதில் மாட்டுகிற அடையாள வில்லை எண்களை ஏற்றுவது, இதற்கு நடுவில் எனக்குப் போன் செய்து முடிவு சொல்ல நேரம் எங்கே என்று அவர்கள் கேட்டால் நியாயம்தான். ஆனால் அந்தக் காது வில்லையில் என் போன் எண்ணும் சேர்ந்துதான் பதிவாகியிருக்கிறது. மாடு தொலைந்தால் கண்டுபிடிக்கிற அளவுக்கு விவரம் இருக்கும் இடத்திலிருந்து ஒரு குறுஞ்செய்தி அனுப்ப முடியாதா?

இந்தச் சேவையை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டால், கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள், வேறு போக்கும் இல்லை, தனியார் டாக்டர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சந்தையை மூட அவருக்கு அதிகாரம் கிடையாது. முகாமுக்கு இரண்டு வாரம் முன்னால் குடற்புழு மருந்து கொடுத்துவிடுங்கள். ஊசி போட்ட இடத்தில் கட்டி வந்தாலும், ஓரிரு நாள் பால் கொஞ்சம் குறைந்தாலும் பதறாதீர்கள், அது வழக்கம்தான். நிறைசினை மாடாக இருந்தால் முன்பே சொல்லுங்கள், ஊசியைவிட அதைக் கட்டிப் பிடிக்கிற முரட்டுத்தனம்தான் ஆபத்து. நோய் என்று சந்தேகம் வந்தால் போனில் "மாடு சரியில்லை" என்று சொல்லாமல், எத்தனைக்கு, என்றைக்கு முதலில், வாயா காலா மடியா, சமீபத்தில் எது வெளியிலிருந்து வந்தது என்று சொல்லுங்கள், அப்படிச் சொன்னால் வேகமாக வருகிறார்கள். அப்புறம், மாதிரி எடுக்கும்போது குப்பியில் ஒட்டுகிற எண்ணைக் கேட்டு வாங்கி அந்த இடத்திலேயே போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். "போன மாதம் என் ஆட்டுக்கு ரத்தம் எடுத்தீர்களே" என்று கேட்டால் யாருக்கும் ஞாபகம் இருக்காது. எண்ணைச் சொல்லிக் கேட்டபோது எனக்கு ஒரு முடிவாவது வந்தது.